ஜிப்: சத்தமில்லாமல் காணாமல் போகும் நாற்பதாவது பெயர்

பைத்தான் நிரல்மொழியில் இரண்டு பட்டியலை ஜோடி ஜோடியாகச் சேர்த்து ஓட்டுவதற்கு ஜிப் (zip), 2000இல் வந்த 2.0 பதிப்பு முதலே இருக்கிறது. 'ஃபார் பெயர், மதிப்பெண் இன் ஜிப்(பெயர்கள், மதிப்பெண்கள்)' என்று எழுதினால் படித்தவுடன் புரியும். வரிசை எண்ணும் வேண்டுமா? ஜிப்பை, வரிசை எண் போட்டுத் தரும் எனுமரேட்டுக்குள் (enumerate) வைத்து, 'ஐ, (பெயர், மதிப்பெண்)' என்று பிரிக்க வேண்டும். உள் அடைப்புக்குறியை விட்டால் வேல்யூ எரர் (ValueError) என்ற பிழை வரும்.

நாள்பட்ட பயன்பாட்டில் கழுத்தறுப்பது ஒன்றுதான்: நீளம் பொருந்தாத பட்டியல். 40 பெயர், 39 மதிப்பெண் என்றால் ஜிப் 39 சுற்றோடு நின்றுவிடும். பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ரேஞ்ச் (range), லென் (len, நீளத்தைத் தருவது) போட்டுப் பெயர்களின் நீளத்துக்கு ஓட்டும் பழைய முறை, பார்க்க அசிங்கமாக இருந்தாலும், இந்த இடத்தில் இண்டெக்ஸ் எரர் கொடுத்துக் கத்தவாவது செய்யும்.

2021இல் வந்த பைத்தான் 3.10இல் இதற்கு மருந்து கிடைத்தது: ஜிப்புக்குள் கடைசியாக 'ஸ்ட்ரிக்ட்=ட்ரூ' சேர்த்தால் நீளம் மாறும்போது வேல்யூ எரர் வரும். வேண்டுமென்றே நீளம் மாறவிடும் இடம் தவிர எல்லா இடத்திலும் இதைப் போடலாம். ஆனால் சோதனை முன்கூட்டியே நடப்பதில்லை. சின்னப் பட்டியல் தீர்ந்த பிறகுதான் பிழை எழும். லூப்புக்குள் டேட்டாபேஸில் எழுதிக்கொண்டிருந்தால் 39 வரிகள் அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும். அப்படிப்பட்ட வேலையில் முதலில் லென் இரண்டையும் ஒப்பிடுங்கள், அல்லது ஸ்ட்ரிக்ட் ஜிப்பை லிஸ்ட் ஆக்கிவிட்டு லூப்பைத் தொடங்குங்கள்.

ஸ்ட்ரிக்ட்டுக்கும் எட்டாத பிழை உண்டு. பெயர்களை மட்டும் அகரவரிசைப்படுத்திவிட்டால் நீளம் அப்படியே இருக்கும், மதிப்பெண்ணோ வேறொருவருக்குப் போகும். ஜிப் இடத்தைப் பார்த்து ஜோடி சேர்க்கிறதே தவிர ஆளைப் பார்த்து அல்ல. இரண்டு பட்டியலும் வெவ்வேறு கோப்பிலிருந்து வந்தால் ஜிப் வேண்டாம். பதிவு எண்ணைச் சாவியாக வைத்து டிக்‌ஷனரியில் தேடுவதே சரி.

பைத்தான் 3இல் ஜிப் தருவது லிஸ்ட் அல்ல, ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டர். ஒரு முறை ஓடினால் தீர்ந்தது. இரண்டாவது லூப் ஒன்றும் செய்யாமல் முடியும். முதலில் ஜெனரேட்டரும் (கேட்கக் கேட்க உருப்படி தருவது) அடுத்து அதைவிடச் சின்ன லிஸ்ட்டும் கொடுத்தால், லிஸ்ட் தீர்ந்தது தெரியவரும் முன்பே ஜெனரேட்டரிலிருந்து ஓர் உருப்படி எடுக்கப்பட்டிருக்கும். அது திரும்ப வராது. சின்னதை முதலில் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பட்டியலுக்குப் பதில் தவறுதலாக ஒரு சரத்தை (எழுத்துத் தொடரை) கொடுத்தாலும் ஜிப் வாங்கிக்கொள்ளும். 'தமிழ்' என்ற சொல் அதற்கு 3 எழுத்தல்ல, 5 உருப்படி: 'மி'யின் கொக்கியும் 'ழ்'இன் புள்ளியும் தனித்தனி.

விடுபட்டதை நிரப்ப, பைத்தானோடு வரும் இட்டர்டூல்ஸ் (itertools) தொகுப்பில் ஜிப் லாங்கஸ்ட் (zip_longest) உண்டு. நிரப்பும் மதிப்பைச் சொல்லாவிட்டால் 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் நன் (None) வரும். கூட்டப்போனால் டைப் எரர். அதைத் தவிர்க்க 0 கொடுப்பவர்கள் உண்டு. மதிப்பெண் பட்டியலில் அது மோசமான தேர்வு: தேர்வுக்கு வராதவரும் பூஜ்யம் வாங்கியவரும் ஒன்றாகி, சராசரி இறங்கிவிடும்.