ஆணையம் வழக்கு போடட்டும் என்று காத்திருப்பதா, நாமே போடுவதா?

அமெரிக்காவில் இனம், பாலினம், மதம், உடல் குறைபாடு போன்ற காரணங்களுக்காக வேலையில் ஒதுக்கப்பட்டவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஈஈஓசி எனப்படும் சம வேலைவாய்ப்பு ஆணையமே நிறுவனத்தின் மீது வழக்கு போடலாம். இல்லையென்றால், ஆணையம் தரும் அனுமதிக் கடிதத்தோடு அவரே நீதிமன்றம் போகலாம். இரண்டுக்கும் முதல் படி ஒன்றுதான்: 180 நாளுக்குள் ஆணையத்திடம் புகார் பதிய வேண்டும். மாநிலத்திலும் இதற்கான சட்டமும் அமைப்பும் இருந்தால் 300 நாள்.

பலம் ஆணையத்தின் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேலையில் சேரும்போது நீட்டுகிற காகிதங்களில், 'தகராறு வந்தால் நீதிமன்றம் போகமாட்டேன், நடுவரிடம்தான் போவேன்' என்ற நிபந்தனை பல இடங்களில் இருக்கும். கையெழுத்துப் போட்ட ஊழியரை அது கட்டிப்போடும். (பாலியல் தொல்லை வழக்குகளுக்கு மட்டும் 2022-இல் வந்த சட்டம் விலக்கு தருகிறது.) ஆனால் ஆணையத்தை அது கட்டாது, அந்த ஊழியருக்கான இழப்பீட்டையும் ஆணையம் கேட்கலாம் என்று 2002-இல் வாஃபிள் ஹவுஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஆணையத்தின் வழக்கில் ஊழியருக்கு வக்கீல் செலவும் இல்லை.

சரி, அப்படியானால் காத்திருக்கலாமா? 2023 நிதியாண்டில் ஆணையத்துக்கு வந்த புகார்கள் 81,055. அது போட்ட வழக்குகள் 143. இந்தக் கணக்கைப் பார்த்தபின் யாரையும் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று, ஆணையத்தின் வக்கீல் பொதுநலனுக்கு வாதாடுபவர், உங்களுக்கென்று அமர்ந்தவர் அல்ல. எந்த நிபந்தனையில் சமரசம் என்பதை ஆணையம்தான் முடிவு செய்யும். அதில் சொந்தக் குரல் வேண்டுமென்றால், தனி வக்கீல் வைத்து அந்த வழக்கிலேயே ஒரு தரப்பாகச் சேர்ந்துகொள்ள புகார்தாரருக்கு உரிமை உண்டு.

இழப்பீட்டில் பெரிய வித்தியாசம் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மனவேதனைக்கான தொகைக்கும் தண்டனைத் தொகைக்கும் சேர்த்து 1991-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த உச்சவரம்பு, யார் வழக்கு போட்டாலும் ஒன்றுதான். சிறிய நிறுவனம் என்றால் ஆளுக்கு 50,000 டாலர், 500 பேருக்கு மேல் வேலை செய்தால் 3,00,000 டாலர். அயோவாவில் அறிவுத்திறன் குறைபாடுள்ள 32 ஆண்களைக் கொடுமைப்படுத்திய ஹென்றிஸ் டர்க்கி நிறுவனத்தின் மீது ஆணையம் போட்ட வழக்கில், 2013-இல் ஜூரி கொடுத்தது 24 கோடி டாலர். உச்சவரம்பு அதை 16 லட்சமாக வெட்டியது. என்னால் ஜீரணிக்கவே முடியாத கணக்கு இது.

தனி வழக்குக்கு ஒரு சாதகம் இங்கேதான் வருகிறது. இனப் பாகுபாடு என்றால், 1866-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த 1981-ஆம் பிரிவையும் சேர்த்து வழக்கு போடலாம். அதற்கு இந்த உச்சவரம்பு கிடையாது.

ஆகவே, புகாரைப் பதிந்த கையோடு வக்கீலையும் தேடத் தொடங்குங்கள். ஆணையம் வழக்கை எடுத்தால் நல்லது. எடுக்காமல் கடிதம் அனுப்பினால், அது கிடைத்த நாளிலிருந்து 90 நாள்தான் அவகாசம்.