கனகாம்பரம் வெளுத்த கதை: பாளையங்கோட்டையில் ஒரு வரன் போட்டோ ஸ்டுடியோ

பாளை மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் இருக்கிறது. பெயர் போடவில்லை, ஆள் நல்லவர், நான் சொல்லப்போகிற குறையும் அவர் ஒருத்தருக்கு மட்டும் உரியதில்லை. மேட்ரிமோனியில் போட ஐந்து படம், உள்ளே எடுத்தால் 1,200 ரூபாய், தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறைக்குக் கூட்டிப்போய் எடுத்தால் 500 கூட. அம்மா இரண்டும் வேணும் என்றாள்.

எடுப்பதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் நல்ல கறுப்பு. (தரகர் நோட்டில் மாநிறம் என்று இருக்கிறது, அது அவருடைய தாராள மனசு.) கேமரா தன்போக்கில் வெளிச்சத்தை அளக்கும்போது எதிரில் இருப்பதை நடுத்தரச் சாம்பலாக வைத்துத்தான் கணக்குப் போடும், அதனால் வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தினால் என் முகம் நிழலாகிவிடும், காலேஜ் குரூப் போட்டோ எல்லாவற்றிலும் மூக்குத்தியை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடிக்கணும். அண்ணாச்சி கேட்காமலே வெள்ளைத் திரையைச் சுருட்டிவிட்டு கரும்பச்சைத் துணியை மாட்டினார், லைட்டைப் பக்கவாட்டில் தள்ளினார், மறுபக்கம் தெர்மாகோல் அட்டையைப் பிடிக்கச் சொன்னார். கேமராவின் பின்னால் காட்டியபோது கன்னத்தில் ஒரு மினுக்கம். இத்தனை வயசில் எனக்கு இப்படி ஒரு படம் அமைந்ததில்லை.

மூன்று நாள் கழித்து வாட்ஸப்பில் வந்ததைப் பார்த்து ஆச்சி கேட்டாள்: "ஏட்டி, யாரு வீட்டுப் பிள்ளைட்டி இது? சேலை உன்னுது மாதிரில்லா இருக்கு!"

தாடை மச்சத்தைக் காணோம். இடுப்பைச் சிறுக்க வைத்ததில் பின்னால் நின்ற மண்டபத்துக் கல்தூணும் சேர்ந்து உள்வாங்கிக்கொண்டது, தாமிரபரணி வெள்ளத்துக்கே அசையாத தூண்! எல்லாவற்றையும் விட, தலையில் வைத்திருந்த கனகாம்பரம் பிச்சிப்பூ மாதிரி வெளுத்துப்போயிருந்தது. காரணத்தை அப்புறம் அவர் கம்ப்யூட்டரில் பார்த்தேன். லைட்ரூம் என்கிற எடிட்டிங் சாஃப்ட்வேரில் நம் தோல் ஆரஞ்சு நிறக் கணக்கில்தான் வரும், அந்த ஸ்லைடரில் வெளிச்சத்தை ஏற்றி அடர்த்தியைக் குறைத்தால் முகம் வெளுக்கும், படத்தில் வேறு ஆரஞ்சு எது இருந்தாலும் கூடவே வெளுக்கும். பாவம் பூ.

"எம்மா, இப்படிப் பண்ணாம குடுத்தா மறுநாளே வந்து, கறுப்பா விழுந்திருக்கு அண்ணாச்சின்னு நிக்காவ. நான் என்ன செய்ய?" என்றார். சண்டை போடத்தான் போனேன், ஆனால் வாய் வரவில்லை. என் போன் செல்ஃபி கேமராவில் பியூட்டி மோடு வாங்கும்போதே ஆனில் இருந்தது, ஒரு தடவை அணைத்துப் பார்த்து, முகம் பிடிக்காமல் உடனே திரும்பப் போட்டவள் நான். இரண்டு வருஷமாக என் டிபி அதில் எடுத்ததுதான்.

1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. அதே வருஷம் எதிர்ப்பு கிளம்பி ஷாதி டாட் காம் தோல் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை எடுத்தது. மதினியிடம் சொன்னால், "பட்டனை எடுத்தா என்ன, போட்டோவப் பாத்தே தள்ளிர மாட்டாவளா?" என்கிறாள்.

சரி, கேட்டதும் முகம் சுளிக்காமல் எடிட் பண்ணாத ஃபைலைக் கொடுத்தார், பக்கத்தில் உட்காரவைத்து மச்சத்தையும் பூவையும் மீட்டார், காசு வாங்கவில்லை. கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை மட்டும் நானே எடுக்கச் சொன்னேன். எடுப்புக்கு ஐந்துக்கு ஐந்து, எடிட்டிங்குக்கு இரண்டு. முதல் படமாக எதைப் போடுவது என்று அம்மாவும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

போகிறவர்கள், நிறத்தில் கை வைக்கவேண்டாம் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். முகூர்த்த நாளில் போகாதீர்கள், அண்ணாச்சி மண்டபத்தில் இருப்பார், கடையில் இருக்கிற பையனுக்கு அந்த ஸ்லைடரை ஏற்றத்தான் தெரியும்.