கிலார்னி ஏரியில எந்த போட்டு?

அயர்லாந்துல கிலார்னிக்குப் போறவங்களுக்கு ஏரிய படகுல சுத்திப் பாக்க ரெண்டு வழி இருக்கு. ஏரிக்கரையில இருக்குற ராஸ் காசில் கோட்டையில கிளம்புற வாட்டர்பஸ், கூரை போட்டு மூடுன போட்டு, சுமார் ஒரு மணி நேரம் லாக் லேன் ஏரிய சுத்திக் காட்டுவாங்க, மைக்ல கதையும் சொல்லிட்டே வருவாங்க, பழைய மடம் இருக்குற இனிஸ்ஃபாலன் தீவு, 2007ல திரும்பக் கொண்டுவந்து விட்ட வெள்ளை வால் கழுகு எல்லாம் அதுல வரும். அங்க மழை எப்ப வரும்னே தெரியாது, அதனால கைக்குழந்தை, வயசானவங்க கூட இருந்தா யோசிக்காம இதுலயே ஏறிடுங்க.

எனக்குப் பிடிச்சது இன்னொண்ணுதான். கேப் ஆஃப் டன்லோ கணவாய் வழியா சுமார் 11 கிலோமீட்டர் நடந்து லார்டு பிராண்டன்ஸ் காட்டேஜ் வந்துட்டா, அங்க இருந்து மோட்டார் வச்ச திறந்த படகுல மேல் ஏரி, நடு ஏரி, லாக் லேன்னு மூணும் தாண்டி ராஸ் காசிலுக்கே வந்து இறங்கலாம். வழியில வர்ற ஓல்டு வேர் பாலத்துக்கு அடியில தண்ணி இழுக்குற வேகம் இருக்கே, படகு அப்படியே சரிஞ்சு இறங்கும், ரெண்டு பக்கமும் பாறை கைக்கு எட்டுற தூரத்துல! தண்ணி கம்மியா இருந்தா அந்த இடத்துல எல்லாரையும் இறக்கி நடக்கச் சொல்லிடுவாங்க. ரெயின்கோட் கட்டாயம், சீட்டும் முன்னாடியே புக் பண்ணிடுங்க, இல்லேன்னா வந்த வழியே திரும்ப நடக்கணும்.