சிறைச்சாலையில் செய்த சாய்மனைக் கதிரை: 11 மாதம் பாவித்த பிறகு

போன செப்டெம்பரில் மட்டக்களப்பு நகரில் நடந்த விற்பனைக் கண்காட்சி ஒன்றில் பிரம்பு பின்னிய சாய்மனைக் கதிரை ஒன்றும், தும்புக் கால்மிதி இரண்டும் வாங்கினேன். எல்லாம் சிறைக்கைதிகள் செய்தவை. செப்டெம்பர் 12 தேசிய சிறைக்கைதிகள் தினம் என்பதால் அந்த நாட்களையொட்டி இப்படி விற்பனைக்கு வைப்பதுண்டு. கதிரை 21,500 ரூபாய். எங்கள் களுவாஞ்சிக்குடிப் பக்கத் தளபாடக் கடைகளில் இதே அளவில் கேட்டபோது 30,000க்குக் கீழே யாரும் இறங்கவில்லை.

நான் தையல் தொழில் செய்கிறவள். எந்தப் பொருளையும் முதலில் திருப்பி, உள்பக்கத்தைத்தான் பார்ப்பேன். இந்தக் கதிரையையும் அங்கேயே கவிழ்த்துப் பார்த்தேன். சட்டம் தேக்கு. பொருத்துகளில் இரும்பாணி இல்லை. துளை போட்டு மரஆணி இறுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கும் எங்கள் ஊரில் இது பெரிய விஷயம். உப்புக் காற்றில் ஆணி துருப்பிடித்து, அந்தத் துரு மரத்தையும் தின்று, இரண்டு மூன்று வருடத்தில் கால் ஆடத் தொடங்கிவிடும். இது 11 மாதமாக ஒரு சத்தம் போடவில்லை. அப்பா தினமும் காலையிலும் பின்னேரத்திலும் இதில்தான். கைப்பிடி நீளமாக இருப்பதால் முழங்கால் வலியோடும் தானாகவே ஊன்றி எழும்புகிறார். முன்பெல்லாம் என்னைக் கூப்பிடுவார்.

பிரம்புப் பின்னல்தான் இந்தக் கதிரையின் அழகு. ஓட்டைகள் எட்டு மூலையாக, ஒரே அளவில், வரிசை பிசகாமல் இருக்கின்றன. இதை எப்படிச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். என் தம்பி இதே வேலையை இன்னொரு சிறைச்சாலையில் பழகினான்.

அதையும் சொல்லத்தான் வேண்டும். தம்பி உழவு இயந்திரம் ஓட்டுபவன். வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் ஒருவருக்காக முதிரை மரக் குற்றிகளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஏற்றி வந்து பிடிபட்டான். 75,000 ரூபாய் தண்டப்பணம், கட்டத் தவறினால் 6 மாதம். மரத்தின் சொந்தக்காரர் போனை எடுக்கவே இல்லை. எங்களிடம் அவ்வளவு காசு இல்லை. இந்த நாட்டில் தண்டனைக் கைதிகளாகச் சிறைக்குப் போகிறவர்களில் பெரும்பகுதியினர் இப்படித் தண்டப்பணம் கட்ட வழியில்லாதவர்கள்தான். தம்பி போகும்வரை எனக்கு அது தெரியாது.

வழக்கு முடியாமல் விளக்கமறியலில் இருப்பவர்களுக்கு வேலை கட்டாயமில்லை. தண்டனை பெற்றவர்கள் வேலை செய்ய வேண்டும். தம்பியை முதலில் துப்புரவு வேலைக்கு விட்டார்கள். அவனே கேட்டு மரவேலைப் பகுதிக்கு மாறினான். ஏன் என்று கேட்டேன். "அங்க பின்னேரம் எப்ப வருதெண்டே தெரியாதுக்கா" என்றான். இரவுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது. வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே விட்டுப் பூட்டிவிடுவார்கள். இடமோ கொள்ள வேண்டிய ஆட்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அடைந்து கிடக்கும். ஒருவர் திரும்பிப் படுத்தால் வரிசையே திரும்ப வேண்டும். அந்த நேரத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் பின்னுவானாம். முதலில் நெடுக்கு, பிறகு குறுக்கு, அதன் மேல் இரண்டு பக்கமும் சாய்வாக. பிரம்பை ஊற வைத்து ஈரத்தோடுதான் இழுக்க வேண்டும். காயும்போது அது தானே இறுகும்.

காசு விஷயமும் அவன் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. கைதியின் கையில் காசு இருக்கக் கூடாது. நாங்கள் கொண்டுபோவதை அலுவலகத்தில் அவன் பெயரில் பதிந்துகொள்வார்கள். உள்ளே கன்டீனில் ஏதும் வாங்கினால் அதிலிருந்து கழியும். சட்டம் அப்படி. ஆனால் கைதிகளுக்கிடையே கொடுக்கல் வாங்கல் நடப்பது பீடி, சவர்க்காரம், பால்மாப் பக்கெட், பிஸ்கட் இவற்றால்தான். உடுப்புத் தோய்த்துக் கொடுப்பவருக்கு, தலைமுடி வெட்டுபவருக்கு, எழுதத் தெரியாதவருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவருக்கு எல்லாம் அதுதான் கூலி. தம்பி பீடி குடிக்க மாட்டான். ஆனாலும் ஒரு கட்டு வைத்திருப்பான், அதுதான் அவனுடைய பேர்ஸ். கடன் வாங்கினால் ஒன்றுக்கு இரண்டு திருப்ப வேண்டும். அப்படி வாங்கி, வீட்டிலிருந்து யாரும் வராததால் மாதக்கணக்கில் மற்றவர்களுக்கு உடுப்புத் தோய்த்தே கடன் கழித்த ஒருவரை அவன் கண்டிருக்கிறான். அதனால் சவர்க்காரப் பெட்டி மட்டையின் உள்பக்கத்தில் வரவு செலவு எழுதி வைத்திருந்தான். அந்த மட்டை இப்போது என் தையல் மேசை லாச்சியில் இருக்கிறது. கடைசி வரியில் "கடன் இல்லை" என்று எழுதியிருக்கிறான்.

வேலைக்குச் சிறு கூலி உண்டு. 6 மாதத்தில் தம்பிக்குச் சேர்ந்தது ஊருக்கு வர பஸ் காசும், அப்பாவுக்கு வாங்கி வந்த ஒரு கட்டு வெற்றிலையும். 21,500 ரூபாய்க் கதிரையில் அதைப் பின்னியவருக்கு என்ன போகிறது என்று விற்பனைக்கு நின்றவரிடம் கேட்டேன். அவர் சரியாகப் பதில் சொல்லவில்லை. விலைச்சீட்டிலேயே அதை எழுதி ஒட்ட வேண்டும். தெரிந்தால் இன்னும் 500 ரூபாய் கூடக் கொடுத்து வாங்க ஆட்கள் இருக்கிறார்கள், நானே கொடுப்பேன்.

சரி, குறைகள். முன்கால் ஒன்று மயிரிழை கட்டை. சீமெந்து நிலத்தில் வைத்தால் லேசாக ஆடும். தம்பி ஒரு துண்டு ரப்பர் ஒட்டினான், சரியாகிவிட்டது. கைப்பிடியின் அடிப்பக்கம் அரத்தாள் போடாமல் விட்டிருக்கிறார்கள், சேலை நூல் இழுபடும். வார்னிஷ் மணம் ஒரு மாதம் போகவே இல்லை. ஏற்றி இறக்கும் வசதியும் கிடையாது. வாடகை ஓட்டோவுக்கு 3,000 ரூபாய் போனது.

எட்டாவது மாதத்தில் இருக்கை கொஞ்சம் தொய்ந்தது. நான் பயந்துவிட்டேன். தம்பி கதிரையைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை ஈரத் துணியால் நன்றாக நனைத்து, ஒரு இரவும் பகலும் நிழலில் காய விட்டான். மறுநாள் மேளம் மாதிரி இறுகி நின்றது. பிரம்புக் கதிரை வைத்திருக்கும் எல்லோரும் இதைச் செய்யலாம். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், பிரம்பு வெடித்துவிடும்.

அன்று நனைக்கும்போது தம்பி பின்னலை விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினான். "இது வரைக்கும் ஒராள், இதுக்குப் பிறகு வேறாள்" என்றான். முதல் ஆள் வீட்டுக்குப் போயிருப்பாரா, வேறு வேலைக்கு மாற்றியிருப்பார்களா என்று இருவரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். என் கண்ணுக்கு இரண்டு பேர் கையும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

கால்மிதிகள் பரவாயில்லை, ஒன்று 650 ரூபாய். மாரி மழையில் சேற்றுக் காலோடு மிதித்தும் தும்பு உதிரவில்லை.

இந்த செப்டெம்பரில் சாப்பாட்டு மேசைக்கு 4 கதிரை வாங்க எண்ணியிருக்கிறேன். தம்பியையும் கூட்டிக்கொண்டு போவேன். கால் நாலையும் நிலத்தில் வைத்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.