பம்பைக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று: வீட்டு மிக்ஸிங்குக்கு நான்கு ஹெட்போன்கள்

போன ஆடியில் காட்பாடிப் பக்கத்துக் கூத்துக் குழு ஒன்றின் பாட்டை என் அறையில் பதிவுசெய்து, மிக்ஸ் பண்ணி, அதாவது ஒவ்வொரு ஒலியையும் அளவு பார்த்துச் சேர்த்துக் கொடுத்தேன். முகவீணை, ஆர்மோனியம், தாளம், பின்பாட்டு, கூடவே பம்பை. அப்போது என்னிடம் இருந்தது சும்மா பாட்டுக் கேட்க வாங்கிய, பாஸ் (அடி ஒலி) தூக்கலான ஹெட்போன். அதில் பம்பை காதை அடைத்தது. அதிகம் என்று நினைத்துக் குறைத்தேன். கோயில் திடலில் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளில் போட்டபோது அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருந்தது. பம்பைக்காரர் கோபப்படவில்லை. "இன்னா தம்பி, என் கை அவ்ளோ மெலிசாவா வுழுது?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

ஹெட்போன் எதைக் கூட்டிச் சொல்கிறதோ அதை நாம் குறைத்துவிடுவோம். எதை மறைக்கிறதோ அதை ஏற்றிவிடுவோம். மிக்ஸிங் ஹெட்போன் வாங்கும்போது பார்க்க வேண்டியது இதைத்தான். கேட்க இனிமையாக இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

பத்தாயிரம் ரூபாயையொட்டிய பட்ஜெட்டில் நான் ஒப்பிட்டுப் பார்த்தவை நான்கு: ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ், அதன் அண்ணன் எம்40எக்ஸ், ஏகேஜி கே240 ஸ்டுடியோ, சோனி எம்டிஆர் 7506. நான்கின் மின்தடையும் 35 முதல் 63 ஓம் வரைதான். மைக்கையும் ஹெட்போனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கிற சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸே இவற்றை நன்றாக ஓட்டும். 250 ஓம் பெயர்டைனமிக் டிடி 990 ப்ரோ மலிவாகக் கிடைத்தாலும், அதற்குத் தெம்பான ஆம்ப் வேண்டும்; அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். ப்ளூடூத் பக்கம் போகவே வேண்டாம், ஒலி தாமதமாக வரும்.

முதலில் கே240. இது பாதி திறந்த வகை, கிண்ணத்தின் வெளிப்பக்கம் முழுசாக அடைபட்டிருக்காது. 55 ஓம்தான் என்றாலும் சத்தம் கொஞ்சம் குறைவாகவே வரும், போனில் நேராகச் செருகினால் ஏமாற்றமாக இருக்கும். இன்டர்ஃபேஸில் போட்டதும் குரலும் முகவீணையும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். முகவீணையும் பின்பாட்டும் ஒரே உயரத்தில் மோதிக்கொள்ளும் இடம் கூத்துப் பாட்டில் அடிக்கடி வரும். எதை எவ்வளவு வெட்ட வேண்டும் என்று கே240இல் எனக்குச் சட்டென்று பிடிபடுகிறது. குறை எங்கே என்றால் அடியில். ஆழமான பாஸ் இதில் சரிந்துவிடும். பம்பையின் அடி போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவோம். அந்தப் பாட்டை ஷேர் ஆட்டோவில் போட்டால் பாடகர் குரலே மூழ்கிப்போகும்.

எம்40எக்ஸ் வெளிப்பக்கம் அடைத்த மூடிய வகை, 35 ஓம். பாஸ் லேசாகத் தூக்கல், ஆனால் நடுப்பகுதி நேர்மையாக இருக்கும். பம்பையின் தோலில் குச்சி படும் சத்தமும் அதன் பின்னால் வரும் அதிர்வும் இரண்டாகக் கேட்கும். அந்த இரண்டையும் பிரித்துக் கேட்க முடிந்தால்தான், ஒலியின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் கம்ப்ரஸரை எங்கே நிறுத்துவது என்று தெரியும். வயரைக் கழற்றி மாட்டலாம், பெட்டியிலேயே இரண்டு வயர் வரும். எம்20எக்ஸ் இவற்றில் விலை குறைந்தது. வயரைக் கழற்ற முடியாது, விவரமும் எம்40எக்ஸ் அளவுக்கு வராது. கல்லூரிப் பிள்ளைகள் தொடங்குவதற்குப் போதும்.

சோனி 7506, 1991இலிருந்து விற்பனையில் இருக்கிறது. மேல் சுருதிகளைப் பளிச்சென்று காட்டும். 'ச', 'ஸ' சீறுவது, வெட்டி ஒட்டிய இடத்தில் வரும் 'டிக்', மைக்கின் இரைச்சல், எதுவும் தப்பாது. பேச்சுப் பதிவு, பிரசங்கம், கதை வாசிப்பு செய்கிறவர்களுக்கு இதையே சொல்வேன். இதை மட்டும் வைத்து மிக்ஸ் செய்தால் தாளத்தின் கூர்மையைத் தேவைக்கு மேல் மழுக்கிவிடும் ஆபத்து உண்டு. சுருள் வயர், அதுவும் கழலாது; அறுந்தால் சால்டரிங் வைக்க வேண்டியதுதான்.

சரி, இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். வேலூருக்கு வெயில் என்று ஒன்று இருக்கிறது. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் மதியத்தில், பதிவுக்காக ஃபேனை நிறுத்திவிட்டு மூடிய ஹெட்போனை மாட்டினால் அரை மணியில் காது மடல் நனைந்துவிடும். காதில் படும் மெத்தையின் மேலுறை நிஜத் தோல் இல்லை. வியர்வை ஊறி ஊறி உரியத்தான் செய்யும். வெல்வெட் மெத்தை மாற்றினால் காதுக்கு இதம், ஆனால் பெரும்பாலும் பாஸ் குறைந்துவிடும், பழைய கணக்கு மாறிப்போகும். அதே வகை மெத்தையை மாற்றுவதே நல்லது.

கே240இல் காற்று போய்வரும், ஆனால் ஃபேன் சத்தமும் உள்ளே வரும். அதை மாட்டிக்கொண்டு பாடவும் முடியாது. உள்ளே ஓடும் தாளம் வெளியே கசிந்து மைக்கில் ஏறிவிடும்.

அதனால் ஒரே அறையில் பதிவும் மிக்ஸிங்கும் செய்கிறவர் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எம்40எக்ஸ்தான் என் தேர்வு. பதிவு வேறு இடத்தில் முடிந்து, தெரு அடங்கிய பிறகு உட்கார்ந்து மிக்ஸ் மட்டும் செய்கிறவருக்குக் கே240, விலையும் குறைவு. நான் எம்40எக்ஸ் வாங்கினேன். அந்தக் கூத்துப் பாட்டைத் திரும்ப எடுத்து, சத்தத்தைக் குறைவாக வைத்து, அரை மணிக்கு ஒருமுறை கழற்றிக் காதுக்கு ஓய்வு கொடுத்து, பம்பையை மறுபடி ஏற்றினேன். அப்புறம் போன் ஸ்பீக்கரில் ஒருமுறை, மாமா காரில் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் பம்பைக்காரருக்கு அனுப்பினேன்.