துபாயா, சவூதியா, சிங்கப்பூரா? மச்சானிடம் (எங்கள் ஊரில் கணவரை இப்படித்தான் சொல்வோம்) போய்ச் சேர எது நல்ல வழி?

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று எங்கள் கரை நெடுகிலும் நிக்காஹ் முடிந்த கையோடு மாப்பிள்ளை வெளிநாட்டுக்குச் சபுர் (பயணம்) கிளம்பிவிடுவார். "எப்ப லாத்தா (அக்கா) கூப்பிடுவாக?" என்று கேட்கிற தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

என்னைக் கேட்டால் துபாய் ஃபேமிலி விசாவுக்குத்தான் முதலிடம். 2019 முதல் அமீரகத்தில் தொழிலின் பெயரை விட்டுவிட்டு வருமானத்தைப் பார்க்கிறார்கள். மாதம் 4,000 திர்ஹம், அல்லது கம்பெனி வீட்டோடு 3,000 இருந்தால் போதும். கடையில் நிற்கும் மச்சானும் கூப்பிடலாம்.

சவூதியில் இகாமாவில், அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையில், எழுதிய தொழிலே குறுக்கே நிற்கும். அதைத் தாண்டினாலும் தலைக்கு மாதம் 400 ரியால் கட்டணம். 2017-இல் 100 ரியாலில் தொடங்கியது ஏறி ஏறி இங்கே வந்து நிற்கிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் வருஷத்துக்கு 14,400 ரியால். பலர் குடும்ப விசிட்டோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான்.

சிங்கப்பூரில் கூலி வேலைக்கான ஒர்க் பெர்மிட் என்றால் பேச்சே இல்லை. நடுத்தர வேலைக்கான எஸ் பாஸோ உயர் வேலைக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸோ இருந்து, மாதச் சம்பளம் 6,000 வெள்ளியைத் தொட வேண்டும்.

துபாய் விசிட் விசா 30 அல்லது 60 நாள். பார்த்துவிட்டு வர நல்லது. ஆனால் அதை நம்பி நகையை அடகு வைத்துக் குடித்தனம் போடாதீர்கள்; நாள் தாண்டினால் தினம் 50 திர்ஹம் அபராதம்.

எந்த நாடானாலும் ஜமாஅத் நிக்காஹ் புத்தகம் மட்டும் போதாது. தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் கிடைக்கும். மாப்பிள்ளை விமானம் ஏறுமுன் முடித்துவிடுங்கள். பாத்திமா என்ற பெயர் ஆதாரில் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் இருந்தால் அதையும் அப்போதே திருத்துங்கள். அந்தச் சான்றிதழுக்குச் சவூதியில் 2022 டிசம்பரிலிருந்து அப்போஸ்டில் (வெளியுறவு அமைச்சகம் தரும் ஒரே முத்திரை) போதும், சிங்கப்பூருக்கும் அப்படித்தான். அமீரகத்துக்கோ மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டும். இந்த ஒரு அலைச்சலில் துபாய் பின்தங்குகிறது.

இன்னொன்று பிரசவம். நம் பெண்கள் தலைப்பிள்ளைக்கு உம்மா வீட்டுக்கு வருவார்கள். ஏழாம் மாதம் வந்து, பிள்ளை பிறந்து, நாற்பது நாள் தீட்டு கழித்து, குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுப்பதற்குள் ஆறு மாதம் நெருங்கிவிடும். அமீரகத்துக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் விசா செல்லாமல் போகும். காரணம் காட்டி, அபராதம் கட்டித்தான் திரும்ப அனுமதி கேட்க வேண்டும். சவூதியில் ரீ-என்ட்ரியை (ஊருக்குப் போய்த் திரும்பி வரும் அனுமதியை) மச்சான் அங்கிருந்தே அப்ஷர் என்ற அரசு இணையச் சேவையில் பணம் கட்டி நீட்டிவிடலாம். துபாய்க்காரர்கள் ஊருக்கு வந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதே முத்திரை வரிசைதான், அதனால் குழந்தை பிறந்த வாரமே அதற்கு எழுதிக் கொடுங்கள்.