தொட்டியில் ஆலா, புளியா?

கும்பகோணம் பக்கம் மொட்டை மாடியில் போன்சாய், அதாவது தொட்டியில் குட்டையாக நிறுத்தும் மரம், வளர்க்க நினைத்தால் ஜூனிபர் மாதிரி குளிர்தேச மரங்களை முதலில் தள்ளிவிடலாம். அவற்றுக்கு வேண்டிய குளிர்கால ஓய்வு இங்கே மார்கழியில்கூடக் கிடைக்காது. மிச்சம் ஆலும் புளியும். நான் புளியை வைத்துக்கொண்டேன்.

சுலபம் என்று பார்த்தால் ஆல்தான். கிளையை வெட்டிப் போத்தாக நட்டாலே வேர்விடும், வெட்டிய காயம் சீக்கிரம் மூடும், ஒருநாள் தண்ணீர் மறந்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் அளவு என்று வரும்போது கதை மாறுகிறது. மரத்தை இரண்டடியில் நிறுத்தக் கத்தரி போதும். இலையும் அதற்கேற்பச் சிறுக்க வேண்டுமே! ஆலிலை உள்ளங்கை அகலம். மரம் திடமாக வளரும் பருவத்தில், காம்பை விட்டு இலையை மட்டும் நறுக்கினால் அடுத்த துளிர் சிறிதாக வரும். கொஞ்சம் நிழலோ உரமோ கூடினால் பழையபடி விரிந்துவிடும். புளிக்கு இந்தப் போராட்டம் இல்லை, சிற்றிலை பிறவியிலேயே பொடிசு. கிளையில் ஆறேழு இலை (சிற்றிலைகள் சேர்ந்த காம்பு முழுவதும் ஓர் இலை) வரும்வரை விட்டு, இரண்டை வைத்து நறுக்கினால் சரி. கடைசியாக விட்ட இலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் புதுக்கிளை போகும். மரத்தின் உருவத்தையே இப்படித் திருப்பிக்கொண்டு போகலாம்.

புளியின் குறை, தண்டு பருக்கத் தாமதமாகும். சின்னத் தொட்டியில் வைத்துக்கொண்டு காத்திருப்பது வீண்; முதல் சில வருஷம் கொல்லைத் தரையில் விட்டுவிட வேண்டும். கிளையை வளைக்க, அது பச்சையாக இருக்கும்போதே கம்பி சுற்ற வேண்டும், முற்றினால் ஒடியும். பூ, காய் பற்றி என் மரத்தை வைத்து எதுவும் சொல்வதற்கில்லை, அது இன்னும் இளசு.

அப்புறம் மண். வயலுக்கு வரமான நம் வண்டல், தொட்டியில் கோடையில் இறுகும், ஐப்பசி அடைமழையில் சேறாகும். ஆல் ஓரளவு பொறுக்கும், புளிக்கு வேர் அழுகும். செங்கல் ஜல்லி, பருமணல், மக்கிய தொழுவுரம் கலந்து வைத்து, அடைமழை நாட்களில் தொட்டியின் ஒரு பக்கம் கல் கொடுத்துச் சாய்த்துவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும்.

வெயில் விழாத வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. புளிக்கு நேர்வெயில் வேண்டும். ஜன்னலோரம்தான் இடம் என்றால், நர்சரியில் ஃபைகஸ் என்று விற்கும் சின்ன இலை வகையை வாங்கிக்கொள்ளுங்கள்.